ஓதம் ஏறிய சுவர் யார் பொறுப்பு?

மதுரையில் ஐப்பசி மழை நிலைத்துப் பெய்யத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் பல வாடகை வீடுகளின் உட்சுவர் நிறம் மாறிவிடும். பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுக்கும். பரணில் மடித்து வைத்த துணியில் பூசண வாடை ஏறும். தரைத்தள வீடுகளில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு தூள்தூளாகக் கொட்டும். குடியிருப்பவர் முறையிடுவார். வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார். கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மொட்டைமாடியைக் காட்டுவார், அல்லது தெருவைக் காட்டுவார். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கக்கூடும்.

ஓதத்தைப் பற்றிய விவாதம் நெடுநாளாக இரண்டு கேள்விகளைப் பிணைத்தே நடந்து வந்திருக்கிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது? அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது? முதல் கேள்விக்குக் கட்டடப் பொறியியலும் மருத்துவமும் விடை தேடின. இரண்டாவதற்குச் சட்டம் தேடியது. நடைமுறையிலோ, செலவை யார் தலையில் வைப்பது என்ற கணக்கு முதலில் முடிந்துவிடுகிறது. அதற்கேற்ற காரணம் பிறகுதான் வருகிறது. இதனால் மதுரை போன்ற ஊரில் ஒரு முக்கியமான காரணம் யார் கண்ணிலும் படாமல் போகிறது என்று கருத இடமிருக்கிறது.

வறண்ட ஊரின் ஈர மாதங்கள்

மதுரைக்கு ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 850 மி.மீ. அதில் சுமார் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டுகிறது. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இந்த ஊரைத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சென்னையோடு சேர்த்து வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தில் வைக்கிறது. ஈர வெப்பப் பகுதியில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்றும், வறண்ட வெப்பப் பகுதியில் பத்தில் ஒரு பங்கு போதும் என்றும் அதே விதித்தொகுப்பு சொல்கிறது. கடற்கரை ஊருக்கு வகுத்த பிரிவு வைகைச் சமவெளிக்கு அப்படியே பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. இங்கே வீடு பெரும்பாலான மாதங்கள் வெயிலைத் தடுக்க வேண்டும், மூன்று மாதம் ஈரத்தை வெளியே விட வேண்டும். வெயிலுக்கு அஞ்சிச் சிறிதாக்கிய ஜன்னலே மழைக்காலத்தில் குறையாகிவிடுகிறது.

பருவத்தின் இந்த ஏற்றத்தாழ்வு வாடகைச் சந்தையிலும் ஒரு விளைவை உண்டாக்குகிறது. மதுரையில் குடும்பங்கள் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதில்லை. தை, பள்ளி விடுமுறை வரும் சித்திரை, வைகாசி, பிறகு ஆவணி என்று வீடு மாறும் மாதங்கள் அமைகின்றன. ஓதம் மிகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவது கார்த்திகையிலும் மார்கழியிலும். அந்த மாதங்களில் வீடு பார்க்க வருவோர் குறைவு. தையில் வருபவர் பொங்கலுக்கு அடித்த புதுப் பெயிண்டைப் பார்க்கிறார். வைகாசியில் வருபவர் காய்ந்த சுவரைப் பார்க்கிறார். யாரும் எதையும் மறைக்க வேண்டிய தேவையே இல்லை, நாட்காட்டியே மறைத்துவிடுகிறது. பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் முக்கியமாகும்.

முதல் விடை: குடியிருப்பவரின் பழக்கம்

ஈரம் வீட்டுக்குள்ளேயே உண்டாகிறது என்பது முதல் விடை. சமையல் ஆவி, குளியலறை, உள்ளே உலர்த்தும் துணி, மூடியே கிடக்கும் ஜன்னல் ஆகியவை அதன் சான்றுகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இந்த விளக்கம் வலுப்பெற்றது. குளிர்நாட்டில் வெளிச்சுவர் சில்லிட்டிருக்கும். அறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதில் பட்டதும் நீர்த்துளியாகப் படியும். 1970களின் எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு வீடுகளில் காற்றுப் புகும் இடுக்குகளை அடைக்கத் தொடங்கியதும் இந்தச் சிக்கல் அங்கே பெருகியது. வீட்டைச் சூடாக்குங்கள், காற்றோட்டம் விடுங்கள் என்ற அறிவுரை அந்தச் சூழலில் பிறந்தது.

அது முழுப் பொய்யல்ல. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று 28 கன மீட்டர். 30 டிகிரியில் அந்தக் காற்று தாங்கக்கூடிய நீராவி மொத்தமே சுமார் 850 கிராம்தான். கையால் பிழிந்த ஒரு வாளித் துணியில் அதைவிட அதிகத் தண்ணீர் இருக்கும். அடைத்த அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தினால் அந்த நீர் சுவரிலும் மெத்தையிலும் அலமாரியிலும்தான் போய்ச் சேரும். பூஞ்சைக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டியதில்லை. சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டு அளவில் பல நாள் நீடித்தாலே அது முளைத்துவிடும்.

ஆனாலும் மதுரைக்கு இந்த விளக்கம் பாதிதான் பொருந்துகிறது. இங்கே மழைக்காலத்தில் சுவர் பொதுவாகக் காற்றைவிடச் சில்லென்று இருப்பதில்லை. வெளியே 27 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் நாளில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவதும் ஈரக்காற்றுதான். குளிர்நாட்டு முறையில் நீர் படிவது இங்கே பெரும்பாலும் ஏ.சி. அறையை ஒட்டித்தான். 30 டிகிரியும் 80 விழுக்காடும் உள்ள காற்று ஏறத்தாழ 26 டிகிரிப் பரப்பில் பட்டாலே துளிர்க்கும். புதிய ஏ.சி.க்கள் 2020 முதல் 24 டிகிரியை இயல்பு அளவாகக் கொண்டு வருகின்றன. அதனால் ஏ.சி. ஓடும் அறையின் பொதுச்சுவர், அடுத்த அறையில் அல்லது அடுத்த வீட்டில் கறுக்க வாய்ப்புண்டு. அந்த அடுத்த வீட்டில் ஏ.சி. இல்லாத குடும்பம் இருந்தால், ஜன்னலைத் திறக்காததற்காகப் பழி சுமப்பது அவர்கள்தான்.

இந்த விளக்கத்துக்கு எதிரான வலுவான சான்று உப்பு. அறைக்காற்றின் ஈரம் சுவரில் படிந்தால் கறுப்புப் புள்ளிகள் வரும். பூச்சுக்குள்ளிருந்து உப்புப் பூக்காது. செங்கல்லையும் காரையையும் ஊடுருவி நீர் கடந்து வந்து, மேற்பரப்பில் ஆவியாகும்போதுதான் கரைந்திருந்த உப்பு அங்கே தங்குகிறது. முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்த சுவரைக் காட்டி, துணி உலர்த்தியதால் வந்தது என்று சொல்வது எளிதில் நிற்காத வாதம்.

இரண்டாம் விடை: கட்டடத்தின் குறை

கட்டடத்தையே குற்றம் சொல்வோர் இரண்டு அணியாக நிற்கிறார்கள்.

ஓர் அணி சுண்ணாம்பை விட்டதே குற்றம் என்கிறது. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளிலும், 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலிலும் சுவரும் பூச்சும் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் கொண்டது. உள்ளே புகுந்த ஈரத்தை அது மெல்ல வெளியே விடும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதில் அழகுக்கு அப்பால் ஒரு பயனும் இருந்தது. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மை pH அளவில் 12ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் பூஞ்சை பிழைப்பது கடினம். மழைக்காலம் முடியும் நேரத்தில் ஊர் முழுக்கச் சுவர்களுக்கு மலிவான பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டது என்றே இதைப் புரிந்துகொள்ளலாம். சிமெண்ட் பூச்சும், பட்டி பார்த்து அடிக்கும் எமல்ஷனும் வந்தபின் சுவரின் மேல் ஒரு படலம் உருவானது. ஈரம் அதற்குப் பின்னால் சிக்கி, படலத்தையே பொரித்துத் தள்ளுகிறது. கேரளத்தில் லாரி பேக்கர் சுண்ணாம்பையும் பூசாத செங்கல்லையும் விடாமல் வலியுறுத்தியதற்குச் செலவுக்கு அப்பால் இத்தகைய காரணங்களும் உண்டு.

இந்த அணியின் வாதத்தில் ஈர்ப்பு அதிகம். வாடகை வீட்டுக்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி. எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. முழுதும் சுரண்ட வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அரிதாகிவிட்டார்கள். தவிர, ஈரத் தரையில் நின்ற சுண்ணாம்புச் சுவர்களிலும் ஓதம் ஏறியே இருக்கிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடுமே தவிர, உள்ளே வராமல் தடுக்காது.

மறு அணி நீர்க்காப்பு வேலையை நம்புகிறது. தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரையின் மேல் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் குழைத்துப் போட்டு, இடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பது நெடுங்கால வழக்கம். இப்போது அந்த இடத்தைச் சிமெண்டில் ஒட்டிய கூலிங் டைல்ஸும், உருளையால் தேய்க்கும் ரசாயனப் பூச்சும் பிடித்துக்கொண்டன. மழைநீர் படும் பக்கத்தில், அதாவது மாடியின் மேற்புறத்தில், முறையாகச் செய்து சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் ரசாயனப் பூச்சு நன்றாகவே காக்கும். ஆனால் வாடகை வீட்டில் பெரும்பாலும் நடப்பது இதன் மறுதலை. அறையின் உட்புறத்தில் டேம்ப் ப்ரூஃப் அடித்து, மேலே பெயிண்ட் பூசிவிடுகிறார்கள். வழி அடைபட்ட ஈரம் பூச்சின் விளிம்பைத் தாண்டி ஓரடி மேலே ஏறி மறுபடி வெளிப்படும். ஒரு மழைக்காலம் தாங்கும். அதற்குள் குடியிருப்பவரே மாறியிருப்பார்.

கட்டடக் குறையில் கூரையும் சுவரும் மட்டும் அடங்குவதில்லை. மேல்வீட்டுக் குளியலறையின் பள்ளத்தளம், சுவருக்குள் புதைத்த குழாய், விரிசல் விட்ட கைப்பிடிச்சுவர், சன்ஷேடு சுவரோடு சேரும் இணைப்பு, நிரம்பி வழியும் சின்டெக்ஸ் தொட்டி என்று வழிகள் பல. மதுரைச் சுற்றுப்புறத்தின் உவர்ப்பான போர் தண்ணீர் இன்னொரு பங்காளி. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 456 தரநிர்ணயம் சொல்கிறது. சிறிய வீடு கட்டுவோர் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது அபூர்வம். கட்டும்போதும் கட்டியபின் நனைக்கும்போதும் சுவருக்குள் போன உப்பு, பிற்காலத்தில் ஈரம் கிடைக்கும்தோறும் வெளியே வரும்.

மூன்றாம் விடை: மண்ணும் தெருவும்

குடியிருப்பவரும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் சுட்டும்போது பேசப்படாமல் போவது இது.

திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலச் செங்கல் நிலத்தின் ஈரத்தை மேலே இழுக்கும். அதைத் தடுக்க அஸ்திவாரத்துக்கு மேல், தரைமட்டத்துக்குச் சற்று உயரத்தில் டி.பி.சி. எனும் ஈரத்தடுப்புப் படுகை போடப்படுகிறது. இந்த ஏற்றமே மிகைப்படுத்தப்பட்டது என்று பிரிட்டனில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ஜெஃப் ஹோவெல் 2008இல் எழுதிய நூல் அந்தக் கருத்தை உரக்க முன்வைத்தது. தரையிலிருந்து ஏறும் ஓதம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி வேறு காரணத்தால் வருவது, ரசாயனம் செலுத்தும் வணிகம்தான் அதைப் பெரிதாக்கியது என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் செங்கல்லுக்கும் காரைக்கும் அது பொருந்தலாம். நிலத்தடி ஈரமும் உப்பும் மிகுந்த இடத்தில் கட்டிய நாட்டுச் செங்கல் சுவருக்கு அப்படியே ஏற்க இயலாது.

காரணம், மதுரை விரிந்திருக்கும் நிலம் அப்படிப்பட்டது. கண்மாய்களும் அவற்றின் ஆயக்கட்டு வயல்களும் சூழ்ந்த ஊர் இது. 2004 ஜூலை 24இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் நிற்கிறது. மாடக்குளம், வண்டியூர், செல்லூர் கண்மாய்களின் பாசன நிலங்களில் கணிசமான பகுதி மனைகளாயின. நெல் விளைந்த தாழ்ந்த நிலத்தில் மண் கொட்டி மேடாக்கி எழுப்பிய வீட்டின் கீழே, மழைக்காலத்தில் நீர் தன் பழைய மட்டத்துக்கு வருவது இயல்பு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் வேறு விதமாகத் தொல்லை தரும். ஈரத்தில் பருத்து, வெயிலில் சுருங்கும் அந்த மண் அஸ்திவாரத்தை அசைத்துச் சுவரில் விரிசல் உண்டாக்கும். அடுத்த மழை அந்த விரிசல் வழியே நுழையும்.

இதோடு தெருவும் உயர்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தாரையோ சிமெண்டையோ போட்டுப் போட்டு, பல தெருக்களில் திண்ணை சாலைக்குக் கீழே போய்விட்டது. வீட்டின் டி.பி.சி. எவ்வளவு நேர்த்தியாகப் போடப்பட்டிருந்தாலும், தெரு அதைவிட உயர்ந்துவிட்டால் பயனில்லை. தடுப்புக்கு மேலேயுள்ள சுவரே மண்ணையும் சாக்கடை நீரையும் தொட்டுக்கொண்டு நிற்கும். பழைய சாலைப் பரப்பைச் சுரண்டி எடுத்தபின்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. வீடுகள் மூழ்குவதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்குமுன் உயர்ந்துவிட்ட தெருக்கள் உயர்ந்தபடியே இருக்கின்றன. 2024 அக்டோபர் 25 பெருமழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது கண்மாயும் பந்தல்குடிக் கால்வாயும் செய்திகளில் இடம்பெற்றன. தண்ணீர் வடிந்தபின் பல வாரம் சுவரில் தங்கும் ஓதம் செய்தியாவதில்லை.

இந்த மூன்றாம் விடைக்கும் பலவீனம் உண்டு. எல்லாப் பழியும் தெருவுக்குப் போனால், கூரை ஒழுக்கைக் கூடப் பார்க்காத வீட்டுக்காரருக்கு அது தப்பிக்கும் வழியாகும். இரண்டாம் தளத்து வீட்டின் ஓதத்துக்கும் கண்மாய்க்கும் தொடர்பில்லை.

உடல்நலம்: எந்த அளவுக்கு அஞ்சுவது

மருத்துவச் சான்றுகள் ஒரு திசையில் தெளிவாகவும் மற்றொரு திசையில் நிதானமாகவும் பேசுகின்றன. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2004இலும் உலக சுகாதார நிறுவனம் 2009இலும் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்தன. ஈர வீட்டில் வாழ்வதற்கும் இருமல், இளைப்பு, ஆஸ்துமா தீவிரமடைதல் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதை இரண்டும் ஏற்றன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் கட்டடங்களின் உட்புறங்களில் 10 முதல் 50 விழுக்காடு ஈரப் பாதிப்புள்ளவை. ஆயினும் காற்றில் இத்தனை பூஞ்சை வித்துகள் வரை பாதுகாப்பு என்றொரு எல்லையை அது வகுக்கவில்லை. ஈரத்தையே தடுக்க வேண்டும் என்று சொன்னது. பூஞ்சை மட்டுமே காரணமா, ஈரத்தில் பெருகும் பாக்டீரியாவும் தூசிப்பூச்சியும் சேர்ந்த கலவையா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை.

அச்சத்தை மிகைப்படுத்தியதற்கும் வரலாறு உண்டு. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கைக்குழந்தைகளுக்கு ஏற்பட்ட நுரையீரல் ரத்தக்கசிவை ஸ்டாக்கிபோட்ரிஸ் எனும் கறுப்புப் பூஞ்சையோடு இணைத்தார்கள். மறுபரிசீலனைக்குப் பின், அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2000இல் அறிவித்தது. நம் ஊரில் 2021 கொரோனா அலையின்போது பரவிய கருப்புப் பூஞ்சை நோய் வேறு இனப் பூஞ்சைகளால் வருவது. அது பெரும்பாலும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்த உடல்களைத் தாக்கியது. சுவரின் கறுப்பைப் பார்த்து அந்த நோயை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வுகளால் உலகம் அறிந்த பூஞ்சைக் கருவிழிப் புண்ணும் பெரும்பாலும் வயல்வேலைக் காயத்தில் தொடங்குவது.

அஞ்ச வேண்டியவர்கள் யார் என்பது ஓரளவு தெளிவு: ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள். இங்கிலாந்தின் ரோச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அதற்குக் காரணம் குடியிருப்பின் பூஞ்சையால் நேர்ந்த மூச்சுக்குழல் பாதிப்பே என்று 2022இல் விசாரணை முடிவு செய்தது. பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டிருந்தார்கள். அவர்களுடைய வாழும் முறையே காரணம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. முதல் விடையை ஆராயாமல் பிடித்துக்கொள்வதால் எவ்வளவு பெரிய கேடு நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

ஓதச் சுவரின் உடனடி ஆபத்து வேறொன்றும் உண்டு. ஈரம் சுவிட்ச் போர்டை எட்டினால் மின்கசிவு நேரலாம். பூஞ்சையைப் பற்றிய பேச்சில் இது அடிக்கடி விடுபடுகிறது.

சட்டம் சொல்வது

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலேயே இரண்டு முக்கியமான கூறுகள் உண்டு. வீட்டுக்காரர் அறிந்த, குடிவருபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்று. செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை வீட்டுக்காரர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்பது மற்றொன்று. வைகாசியில் காய்ந்து கிடந்த சுவரை முதல் கூறு அப்படியே தொடுகிறது. ஆனால் எந்தப் பழுதுபார்ப்புக்கு வீட்டுக்காரர் கடமைப்பட்டவர் என்பதை இரண்டாம் கூறு சொல்லவில்லை. ஒப்பந்தமும் ஊர் வழக்கமும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டது.

1960ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டுப்பாட்டு அலுவலரை நடுவில் வைத்தது. அவர் அனுமதித்தால் குடியிருப்பவர் பழுதுபார்த்துக் கழிக்கலாம். ஓராண்டில் கழிக்கும் தொகை ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பழைய வீடுகளில் வாடகை பல்லாண்டுகளாக உயராமல் இருந்த நிலையில் அந்தத் தொகையில் ஒரு சுவரைக்கூடப் பூச முடிந்திருக்காது. வாடகை உயராததால் வீட்டுக்காரருக்கும் பழுதுபார்க்க மனம் வரவில்லை.

2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டுப்பாட்டை நீக்கிப் பொறுப்புகளைப் பட்டியலிட்டது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், தேவையானபோது குழாய் மாற்றுதல் ஆகியவை வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவருக்கு. வீட்டுக்காரர் மறுத்தால் குடியிருப்பவர் வேலையை முடித்துக்கொண்டு, மாத வாடகையில் பாதிக்கு மிகாமல் கழித்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது தெளிவாக இருக்கும் இந்தப் பட்டியல் ஓதத்தின் முன் தடுமாறுகிறது. ஓதம் கட்டமைப்புப் பழுதா? கூரை விரிசல் என்றால் ஆம் எனலாம். விரிசல் எதுவும் இல்லாத சுவரில் பூஞ்சை மட்டும் படர்ந்தால்? இங்கிலாந்து இந்தக் கேள்வியை முன்னரே சந்தித்தது. 1985இல் குவிக் எதிர் டாஃப் எலி வழக்கில், கட்டடத்தின் உடலில் சேதம் இல்லாமல் நீர் படிவதால் மட்டும் வரும் ஈரம் பழுது ஆகாது என்று மேல்முறையீட்டு மன்றம் கூறியது. அந்த ஓட்டையை அடைக்க 2018இல், வீடு மனிதர் வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற கடமையைத் தனிச் சட்டம் விதித்தது. அவாபின் பெயரால் வழங்கும் விதிகள் 2025 அக்டோபர் முதல் சமூக வீட்டு நிறுவனங்களுக்குக் காலக்கெடுவையும் வைத்தன. தமிழ்நாட்டுச் சட்டத்தின் மையம் பழுது. வாழத் தகுதி அதில் ஓரமாகவே வருகிறது.

நடைமுறை இன்னும் பின்தங்கியிருக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் கடமை என்ற சட்டப் பட்டியலோடு இது மோதுகிறது. எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும் என்கிறது சட்டம். ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காலி செய்யக் காரணமாக வைக்கவும் அது இடம் தருகிறது. வாய்ப்பேச்சில் குடியேறியவர் ஓதத்தைப் பற்றி எழுதிக்கொடுக்கத் துணிவது எளிதல்ல. அடுக்குமாடி என்றால் மேல்வீட்டு உரிமையாளர், சங்கம் என்று மேலும் இரு தரப்பு சேரும்; அந்தச் சங்கத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கில்லை.

ஒத்தி வீட்டின் தனிச் சிக்கல்

மதுரையில் ஓதத்தைப் பற்றிப் பேசும்போது ஒத்தியை விட்டுவிட முடியாது. ஒரு பெருந்தொகையைக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையை முழுதாகத் திரும்பப் பெறும் முறை இது. சேமிப்பும் நகை அடமானமும் சேர்த்துக் கொடுக்கும் பணம் பல குடும்பங்களின் மொத்த இருப்பாக இருக்கிறது.

வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று 1882 முதல் இன்றுவரை சட்டங்கள் தந்த முக்கியக் கைமருந்து இங்கே பயனற்றது. கழிக்க வாடகையே இல்லை. மாத வருமானம் இல்லாத வீட்டுக்காரருக்குப் பழுதுபார்க்கத் தூண்டுதலும் குறைவு. வீட்டை விட்டுப் போவதும் கடினம். வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் ஏற்கெனவே செலவிட்டிருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் பணம் திரும்பும். கறுத்த சுவரைப் பார்த்து அடுத்தவர் வரமாட்டார் என்பதால், ஓதத்தை மூடிப் பெயிண்ட் அடிப்பதில் குடியிருப்பவருக்கே அக்கறை பிறந்துவிடுகிறது. ஓதம் ஒரு குடும்பத்திலிருந்து மறு குடும்பத்துக்குச் சொல்லப்படாமல் கைமாறுகிறது.

ஒத்தியை அனுபவ அடமானமாகக் கொண்டால் நிலை இன்னும் கடினம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, சொத்தின் வருமானத்திலிருந்து செலுத்த முடிந்த அளவுக்கு அவசியப் பழுதுபார்க்கும் கடமையை அனுபவிப்பவர்மேல் வைக்கிறது. அப்படிப் பார்த்தால் ஓதத்தின் செலவு குடியிருப்பவர் பக்கமே சாயும். ஒத்தியை வாடகையின் ஒரு வடிவமாகக் கொண்டால் 2017 சட்டத்தின் பட்டியல் பொருந்தலாம். முத்திரைத்தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளும் ஒத்திப் பத்திரம் எந்தப் பக்கம் நிற்கும் என்பது அதன் சொற்களைப் பொறுத்தது. அந்தச் சொற்களில் சுவரைப் பற்றிய பேச்சு இருப்பதில்லை.

குடியிருப்பவர் கையில் உள்ளது

முதலில் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கெட்டியான பாலித்தீன் தாளை ஓதச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். துளிகள் தாளுக்கும் சுவருக்கும் இடையில் நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் நின்றால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. முடிவான சான்று அல்ல, ஆனால் வாய்ச்சண்டையைவிட மேல். முழங்கால் உயரத்தில் உப்பு, கூரை மூலையில் கறை, குளியலறைப் பக்கம் மட்டும் ஊறல் ஆகிய ஒவ்வொன்றும் வேறு இடத்தைக் காட்டும். தேதியோடு படம் எடுத்து, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் தெரிவிப்பது பிற்காலத்தில் பயன்படலாம்.

பூஞ்சைப் பரப்பு பத்துச் சதுர அடிக்குள் இருந்தால் வீட்டாரே துடைக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நன்றாக உலரவிட வேண்டும்; முகக்கவசம் அவசியம். பிளீச்சிங்கை வழக்கமாகப் பயன்படுத்துவதை அந்த முகமை பரிந்துரைக்கவில்லை. பிளீச்சிங்கோடு கழிவறை அமிலத்தைக் கலந்தால் நச்சு வாயு வரும். பீரோவைச் சுவரிலிருந்து கையகலம் தள்ளி வைப்பதும், மழைநாளில் துணியை மின்விசிறியடியில் ஜன்னல் ஓரமாக உலர்த்துவதும் உதவும். அந்துருண்டை பூஞ்சையைக் கொல்லாது; குறிப்பிட்ட நொதிக்குறை உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி ரத்த அணுக்களைச் சிதைக்கும். சாம்பிராணிப் புகை வாடையைத்தான் மறைக்கும், ஆஸ்துமாக்காரருக்கு அதுவும் கேடு. ஈரத்தின் வழி அடைபடாதவரை இவை எல்லாம் ஒரு பருவத்துக்கான ஏற்பாடுகள்தான்.

தீராமல் நிற்பவை

மூன்று விடைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சான்றுகள் இடம் தரவில்லை. மேல்தள வீடுகளில் கூரையும் குழாயும் முதன்மையாகவும், தரைத்தளத்தில் மண்ணும் தெருவும் முதன்மையாகவும், ஏ.சி. பரவும் புதிய அடுக்குமாடிகளில் அறைக்காற்று மெல்ல முன்னுக்கு வருவதாகவும் கணிக்கலாம். பழக்கத்தைக் குறை சொல்லும் விடை மூன்றிலும் பலவீனமானது. அதுவே அதிகம் சொல்லப்படுகிறது. குடியிருப்பவரிடம் மறுத்துக் காட்டும் வழி இல்லாததே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். சுவரை உடைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்; சுவர் அவருடையதல்ல.

ஓதம் கட்டமைப்புப் பழுதில் அடங்குமா என்பதைச் சட்டப் பட்டியல் சொல்லில் தீர்க்கவில்லை. ஒத்தி எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறது என்பது பத்திரத்துக்குப் பத்திரம் மாறுகிறது. ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் இருந்த நிலையிலேயே வீட்டைப் பேண வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, அந்தத் தொடக்கநிலை வைகாசியில் பதிவாவதா, முந்தைய மார்கழியின் நிலையையும் வீட்டுக்காரர் எழுதிக்கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியும் விவாதத்துக்குரியது. இரண்டாவதே நியாயம் என்று தோன்றுகிறது. 1882 சட்டத்தின் குறை தெரிவிக்கும் கடமையை நீட்டினால் அங்கேதான் போய்ச் சேரும்.

மிகக் கடினமானது மூன்றாம் தரப்பின் பொறுப்பு. வாடகை அதிகாரியும் வாடகை நீதிமன்றமும் வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்ற இருவருக்கு இடையிலான வழக்கைத்தான் தீர்க்க முடியும். உயர்ந்துவிட்ட தெருவாலும் தூர்ந்த கால்வாயாலும் வரும் ஓதத்தில் இருவருமே பாதிக்கப்பட்டவர்கள். அப்படி ஒரு வழக்கு வந்தால், சாலையின் மட்டத்தை அளந்து, டி.பி.சி.யின் மட்டத்தோடு ஒப்பிட்டு, செலவின் ஒரு பங்கை மாநகராட்சியின் பக்கம் திருப்பும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு இல்லை.